மிஞ்சும் நைட்ரஜன்

நாளைக்கு வேதியியல்.
முக்கூடலில் கரண்ட் போய் அரைமணி நேரம்.
பிரம்மசக்தி வீட்டு மொட்டைமாடியில்
மூன்று செல்போன் வெளிச்சம், ஒரு சுளகு,
ஈரத்துணியில் சுற்றிய பீடி இலை,
விடைப்பக்கம் கிழிந்துபோன வினா வங்கி.

பேச்சு இதுதான்:
பிரம்மு கணக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும்
அவளுடைய பீடியை நாங்கள் சுற்ற வேண்டும்.
காலை எட்டு மணிக்குக் கம்பெனியில் நாற்பது கட்டு.
முப்பத்தொன்று ஆகியிருந்தது.

அவள் சித்தி மகன் உச்சிமாகாளி சுற்றியது
முருங்கைக்காயாக வளைந்தது.
நான் சுற்றியதில் தூள் கொட்டியது.
ஆரோன் மட்டும், பூக்கடைக்காரர் மகன்,
நூலைப் போட்டு ஒரு சுண்டு சுண்டினால்
முடிச்சு நின்றது.

சுளகு கைமாறியதும்
அது இருந்த அதே மடியில்
பிரம்மு நோட்டை விரித்தாள்.

ஐம்பத்தாறு கிராம் நைட்ரஜன்.
ஆறு கிராம் ஹைட்ரஜன்.
எவ்வளவு அம்மோனியா வரும், எது மிஞ்சும்?

சமன்பாட்டைச் சமன்செய்து கொடுத்தது நான்.
வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்றால் என்ன என்பதை
காற்புள்ளி விடாமல் ஒப்பித்ததும் நான்.
அதற்கு மேல் எனக்கும் ஓடவில்லை.
உச்சிமாகாளி சொன்னான்:
"இது ரெண்டு மோல், அது மூணு மோல்.
ரெண்டுதான கம்மி? நைட்ரஜன்தான் மொதல்ல தீரும்."
எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிரம்மு சிரித்தாள்.
"ஏட்டி ஜெபக்கனி, இது எங்க வீட்டுக் கதைல்லா.
தூளும் நிறுத்துத் தாராவ, இலையும் நிறுத்துத் தாராவ.
இலைல பாதி ஓட்ட, பாதி நரம்பு.
சுளகு நெறைய தூள் கெடக்கும், இலை இருக்காது.
எது கொறச்சலா இருக்குங்கது இல்ல கணக்கு,
எது மொதல்ல தீருதுங்கதுதான்.
ஒரு நைட்ரஜன் மூணு ஹைட்ரஜன் கேக்கு.
இருக்கதே மூணு. முடிஞ்சிட்டு.
இன்னொரு நைட்ரஜன் சும்மா கெடக்கும்,
எங்க தூள் மாரி."

முப்பத்துநான்கு கிராம் அம்மோனியா.
இருபத்தெட்டு கிராம் நைட்ரஜன் மிச்சம்.
ஆரோன் இரண்டையும் கூட்டினான்: அறுபத்திரண்டு.
போட்டது அவ்வளவுதான், வந்ததும் அவ்வளவுதான்.
"சவம், இம்புட்டுத்தானா" என்று
உச்சிமாகாளி அடுத்த கணக்கை
மறுபடியும் தப்பாகப் போட்டான்.

பிரம்மு மட்டும் பேனாவை மூடவில்லை.

"ஆனா ஒண்ணு. தீந்து போச்சின்னா
வினை நின்னுருங்காவ புத்தகத்துல.
எங்க வீட்ல நிக்காதே.
அம்ம கைக்காசு போட்டுக் கடைல இலை வாங்கிட்டு வருவா,
ஆயிரம் ஆகுற வரைக்கும்.
அதுக்கு என்ன பேரு?"

தேடினோம், நிஜமாகவே,
கலைச்சொற்கள் பட்டியல் வரைக்கும்.
கீழே அவள் அம்மாவின் கத்திரி
இருட்டிலும் அளவு தவறாமல் வெட்டிக்கொண்டிருந்தது.

தேர்வில் அந்தக் கணக்கு வரவில்லை.
அலுமினியமும் இரும்பு ஆக்சைடும் வந்தன.
மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை
என் விடைத்தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தவர்
ஒரு நொடி மூக்கைச் சுளித்தார்.
என் விரல்தான். மூன்றுமுறை சோப்புப் போட்டும் போகாத புகையிலை.
நான் எது மொதல்ல தீருது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில்
விடை ஒத்துப்போனது, மூன்று பேருக்கு.
உச்சிமாகாளி தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.
"கட்டு என்ன ஆச்சி?" என்றேன்.
"ரெண்டு கட்டு கழிச்சிட்டாவ."
யார் சுற்றியது என்று அவள் சொல்லவில்லை.
ஆரோன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை இயற்பியல்," என்றாள் பிரம்மு.
"ராத்திரி மூணு பேரும் வந்துருங்க.
இலை மட்டும் வெட்டுங்க, போதும்.
சுத்தாண்டாம்."